நீர்க்கடுப்பும் சுண்ணாம்பும்

மூத்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்குக் கோபமில்லை. நானே இரண்டு வருடம் அந்தச் சொல்லை வாயில் எடுக்க வெட்கப்பட்டு, "வயித்துல கொஞ்சம் கோளாறு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் யாராவது இதை வாசித்தால், அல்லது வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினால், எனக்கு அது போதும்.

என் பெயர் பத்மா. இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. வயது ஐம்பத்திரண்டு. புருஷன் போய் மூன்று வருடமாகிறது. ஒரே மகள் சுதா, குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று போனவள், ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஆறு வருடமாகிவிட்டது. அப்பா செத்தபோதும் அந்த வீட்டு மேடம் அவளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோலில் பேசுவாள். வா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் அவள் மனம் சங்கடப்படும் என்று நினைத்தேன். கேட்டும் அவள் வராவிட்டால் என் மனம் என்ன ஆகும் என்றும் நினைத்தேன்.

முதலில் வந்தது அவசரம். போய்விட்டு வந்து கால்மணி நேரம் ஆகாது, மறுபடி போகவேண்டும் போல இருக்கும். போனால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் மிளகாய்த் தண்ணீர் மாதிரி எரிந்துகொண்டு போகும். எழுந்து பாவாடையைச் சரிசெய்வதற்குள் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அடிவயிறு சொல்லும். மலையில் கக்கூஸ் ஏது? நிரையை விட்டு இறங்கி, தேயிலைக்குள் ஒதுங்கி, அட்டை ஏறாமல் காலை உதறிக்கொண்டு குந்தவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்கினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பத்துத் தடவை இறங்கினால்?

"பத்மாக்கா, நீங்க கொழுந்து பறிக்கிறதவிட இறங்கி ஏறுறதுதான் கூட" என்றார் கங்காணி. என் மகளைவிட நாலு வயதுதான் மூத்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது என் கணக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் பாலில்லாத சாயத்தண்ணி அரைக் கோப்பை, அதற்குப் பிறகு வீடு திரும்பும்வரை ஒன்றுமில்லை. தாகம் எடுத்தால் வெற்றிலை. அதற்கு மட்டும் எங்கள் மலையில் குறைவே கிடையாது. பத்து மணி ஓய்வுக்கு மட்டமான இடத்தில் உட்கார்ந்தால் ஒருத்தி வெற்றிலை எடுப்பாள், ஒருத்தி பாக்கு வெட்டுவாள், சுண்ணாம்பு டப்பா கைமாறிக் கைமாறி வரும். யார் வீட்டில் என்ன நடந்தது என்ற பேச்செல்லாம் அந்த டப்பாவோடுதான் சுற்றும். புருஷன் போன பிறகு என் வாய் மனுஷக் குரலுக்குப் பதில் சொல்வது அந்த இருபது நிமிடத்தில்தான். மாலையில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அடுப்போடுதான் பேசவேண்டும்.

எனக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாக வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவள் நான். சுண்ணாம்பு கூட வைத்தால் எரிச்சல் அடங்கும். சில நேரம் வெற்றிலையே இல்லாமல் விரலால் தொட்டு நக்குவதும் உண்டு. என் நிரைக்குப் பக்கத்து நிரையில் பறிக்கிற லெச்சுமி அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள்.

"ஏன்டி பத்மா, வெத்தலைக்குச் சுண்ணாம்பு வைக்கிறியா, இல்ல சுண்ணாம்புக்கு வெத்தலை சுத்துறியா?"

கடுப்பை எவ்வளவு நாள் மறைப்பது? ஒரு நாள் லெச்சுமியிடம் மட்டும் சொன்னேன். நீர்க்கடுப்புக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவது. உடம்புச் சூடு கால்வழியாக இறங்கிவிடுமாம். லெச்சுமி என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, இரண்டு நகத்திலும் சுண்ணாம்பை வழித்துப் பூசிவிட்டாள். அம்மா செத்த பிறகு என் காலை யாரும் அப்படித் தொட்டதில்லை. கடுப்பு குறைந்ததா என்று கேட்டாள். குறைந்திருக்கிறது என்று பொய் சொன்னேன். அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை பூசிவிடுவாள்.

இந்த நாட்களில்தான் சுதா போனில், கடுப்போடு காலை இடுக்கி நடக்கிற என் நடையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா நொண்டுற?" என்று கேட்டாள். முழங்கால் வலி என்றேன். அடுத்த மாதம் ஊருக்கு வந்த பசறைப் பெண் ஒருத்தியிடம் பெரிய போத்தல் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். எலும்புக்குக் கல்சியம் மாத்திரை. கூடவே விற்றமின் 'டி'யும் கலந்தது. "நாளைக்கு ஒன்னு போடும்மா" என்றாள். நான் ஒன்று போடவில்லை, மூன்று போட்டேன். மகள் அனுப்பியது, கூடப் போட்டால் கூட நல்லது என்று நினைத்தேன். காலையில் அந்தப் போத்தல் மூடியைத் திறக்கும்போது யாரோ பக்கத்தில் இருப்பது போல இருக்கும். புத்தியுள்ளவள் செய்கிற வேலையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் பிறகு கேட்டுக்கொண்டேன்.

தோட்டத்து மருந்தகத்தில் மூன்று தடவை கிருமிக்கு மாத்திரை தந்தார்கள். மூன்று தடவையும் கேட்கவில்லை. மலச்சிக்கல் வேறு வந்தது, சாப்பாடு பிடிக்கவில்லை, உடம்பு கனத்தது. ஒரு நாள் சிறுநீரில் லேசாகச் சிவப்பு கண்டதும் பயந்துபோனேன். பதுளை பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார்கள்.

பதுளைக்குப் போகும் அன்று நான் செய்த காரியத்தை இங்கே ஒளிக்காமல் எழுதவேண்டும். விடியுமுன் எழுந்து அடுப்புக்கரியையும் உப்பையும் சேர்த்துப் பல்லைத் தேய்தேயென்று தேய்த்தேன். வெற்றிலைக் கறை தெரியக்கூடாது. கிளினிக் சுவரெல்லாம் வாய்ப் புற்றுநோய்ப் படம் ஒட்டியிருப்பார்கள். வெற்றிலை போடுகிறவர்களைக் கண்டால் தாதி மிஸ்ஸிமார் எல்லார் முன்னாலும் கத்துவார்கள். அந்த மானக்கேடு வேண்டாமென்று வாயைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன். பசறைக்கு வருவதற்குள் வளைவுக்கு வளைவு அடிவயிறு முட்டியது. இரண்டு இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இரண்டாவது தடவை ஏறும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டொக்டர் ஒரு சிங்களப் பெண், சின்ன வயது, அவசரப்படாமல் பேசுகிறவர். எனக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்கு வரும். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். சோறு, ரொட்டி, பருப்பு, கருவாடு என்றேன். வெற்றிலை சாப்பாட்டில் சேர்த்தியா என்ன? மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். மருந்து என்றால் டொக்டர் தருவது. போத்தலில் இருந்தது மகள் அனுப்பியது. அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பொய் பிறகுதான் வந்தது.

கால் நகத்தைப் பார்த்து டொக்டர் இதென்ன என்றார். நான் சொன்னதும் சிரித்துவிட்டு, கழுவிவிடுங்கள் என்றார்.

சோதனைகளைப் பற்றிச் சொல்கிறேன், பயப்படாதீர்கள். சிறுநீரைத் தட்டில் வைத்துக் கிருமி முளைக்கிறதா என்று மூன்று நாள் பார்ப்பார்கள். எனக்கு முளைக்கவில்லை. பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் வைத்துப் பார்த்ததில் சிறுநீரில் பொடி மணல் போலச் சின்னச் சின்னப் படிகங்கள் இருந்தனவாம். பிறகு இன்னொரு நாள் ஸ்கேன். அதற்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கவேண்டும். இரண்டு வருடமாக அடக்க முடியாமல் வந்தவளிடம் அடக்கு என்கிறார்கள்! எனக்கு முன்னால் ஒன்பது பேர். காலைப் பின்னிக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். என் முறைக்கு இன்னும் மூன்று பேர் இருக்கும்போது எழுந்து ஓடிவிட்டேன். திரும்பி வந்து முதலிலிருந்து தண்ணீர் குடித்தேன். அந்த மிஸ்ஸி திட்டவில்லை, தன் போத்தலிலேயே தண்ணீர் ஊற்றித் தந்தாள்.

இரத்தச் சோதனையில்தான் விஷயம் வெளிவந்தது. இரத்தத்தில் கல்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, இருக்கவேண்டியதைவிட மிகவும் கூட. முடிவு வந்த அன்றே வார்ட்டில் படுக்க வைத்து சேலைன் ஏற்றினார்கள்.

வாசலில் காவல்காரர் பையைச் சோதித்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். மாத்திரைப் போத்தல் வீட்டில் இருந்தது. வெற்றிலை இல்லாமல் முதல் இரண்டு நாள் தலைவலி, வாய் நமநமப்பு, யாரைக் கண்டாலும் எரிச்சல். தலையணை உறையின் நுனியை மென்றிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் பரீதா, வார்ட்டில் எல்லோருக்கும் ராத்தா, அதாவது அக்கா. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். சர்க்கரை வியாதியில் கால்புண் ஆறாமல் வாரக்கணக்கில் படுத்திருந்தார். பார்க்க விடுகிற நேரம் மணி அடித்ததும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி என்று ஒரு கூட்டம் வந்து அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கும். இடம் போதாமல் ஒன்றிரண்டு பேர் என் கட்டில் விளிம்பில் உட்காருவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் எனக்கும் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நான் சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

"என்னா புள்ள, ஒன்னப் பாக்க ஒருத்தரும் வரல்லியா?" என்று கேட்டார் ராத்தா.

"வேலைநாள் ராத்தா. மடுல்சீமையிலேர்ந்து வந்து போக ஒரு நாளு போயிரும்."

"புள்ளைங்க ஈக்கா?"

"ஒரு மக. வெளிநாட்டுல."

ராத்தா, மருமகள் கொண்டுவந்த கஞ்சியில் பாதியைக் கோப்பையில் ஊற்றி, "குடி புள்ள, சூடு ஆறிப்போகும்" என்று நீட்டினார். அதன்பிறகு தினமும் கஞ்சி வந்தது.

நாலாம் நாள் டொக்டர் வந்து விளக்கமாகச் சொன்னார். எனக்குப் புரியாததை ராத்தா தமிழில் சொன்னார். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கூடினால் அதைச் சிறுநீரகம் வெளியே தள்ளப் பார்க்கும். தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகி, அந்தச் சத்து பொடியாகப் படிந்து, சிறுநீர்ப்பையின் உட்தோலைச் சுரண்டும். அதனால்தான் எரிச்சலும் அவசரமும். சத்து ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. கழுத்தில் பயறு அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றனவாம், உடம்பின் கல்சியத்தை ஆள்வது அவைதானாம். அதில் ஒன்று வீங்கினால் இப்படி ஆகும். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரக் கொஞ்சம் நாளாகும், சுரப்பிதான் காரணமென்றால் கண்டியில் ஒப்பரேஷன் என்றார்.

அன்று மாலை சுதாவிடம் சொன்னேன். போனில் அவள் முகம் வெளுத்தது.

"ஆப்பரேஷன்னா நான் வந்துருவேம்மா. நீ அங்க தனியா கெடக்கக் கூடாது."

ஆறு வருடத்தில் வருவேன் என்ற சொல்லை அவள் வாயில் முதல் தடவையாகக் கேட்டேன். "அதெல்லாம் வேணாம்டி" என்று வாய் சொன்னது. உள்ளே எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று பக்கத்துக் கட்டில் கூட்டத்தைப் பார்த்தபோது பொறாமையே வரவில்லை. எனக்கும் ஒருத்தி வரப்போகிறாள்.

ஆறாம் நாள் கடுப்பு போய்விட்டது. நன்றாகவே போய்விட்டது. கல்சியமும் இறங்கியது. டொக்டர்களுக்கு ஆச்சரியம். வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்குப் போன அன்றே லெச்சுமி வெற்றிலையோடு வந்தாள். மறுநாள் காலை போத்தலையும் திறந்தேன். பத்து நாள்கூட ஆகவில்லை, அதே எரிச்சல், அதே ஓட்டம். வார்ட்டில் சுண்ணாம்பும் இல்லை, மாத்திரையும் இல்லை, கடுப்பும் இல்லை. வீட்டில் மூன்றும் இருக்கிறது. இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. சுண்ணாம்புச் சத்து என்று டொக்டர் சொன்னதும் என் காதில் இருந்தது. வெற்றிலையை மடித்த கை அப்படியே நின்றது.

நின்ற கை பிறகு வாய்க்குப் போனது. இதைத்தான் எழுதக் கஷ்டப்படுகிறேன். தெரிந்தே போட்டேன். விட்டால் நோய் போய்விடும், நோய் போனால் ஒப்பரேஷன் இல்லை, ஒப்பரேஷன் இல்லையென்றால் சுதா வரமாட்டாள். கட்டிலுக்கடியில் அவளுடைய பழைய செருப்பு கிடந்தது, அதை எடுத்துத் துடைத்து வைத்தேன். புதிய பெட்ஷீட் ஒன்று வாங்கினேன். மாத்திரையும் மூன்றிலிருந்து நாலாகியது.

மலையில் வாந்தி எடுத்து விழுந்த அன்று கொழுந்து லொறியில்தான் என்னைப் பசறைவரை கொண்டுபோனார்கள். லெச்சுமி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாளாம். எனக்கு நினைவில்லை. பதுளை வார்ட்டில் கண் விழித்தபோது அதே ராத்தா பக்கத்தில்.

"திரும்பி வந்துட்டியா புள்ள!" என்றார். காலில் கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை.

இந்தத் தடவை டொக்டரின் முகத்தில் சிரிப்பில்லை. சிறுநீரகம் சோர்ந்துவிட்டது, இன்னொரு தடவை இப்படி வந்தால் அது மீளாமல் போகலாம், பிறகு இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வாரா வாரம் வரவேண்டியிருக்கும் என்றார். கொழும்பிலிருந்து முடிவு வந்ததும் கண்டிக்கு எழுதுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சொல்வதற்கு இடம் இருந்தது, ராத்தாவும் அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்லத் தயாராக இருந்தார். நான் கால்மாட்டில் இருந்த, காய்ச்சல் குறிக்கிற அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு சுதா கூப்பிட்டாள். குளியலறையில் ஒளிந்து நின்று பேசினாள். கையில் துணி சுற்றியிருந்தது.

"என்னடி கையில?"

"ஒன்னுமில்லம்மா. தட்டு ஒடஞ்சிருச்சு. ஒரு வாரமா தூங்கவே முடியல." கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "மேடம்கிட்ட கேட்டேன். ஆப்பரேஷன் பேப்பர் காட்டினா விடுறேன்னு சொல்லிருச்சு. பேப்பர் குடுத்தாங்களாம்மா?"

"இன்னும் இல்ல."

"அப்பா மொகத்த இந்தப் போனுலதான் பாத்தேன். பொட்டியில வச்சிருந்தாங்க, யாரோ போன ஆட்டிக்கிட்டே இருந்தாங்க, சரியாக்கூட தெரியல. உன்னையும் அப்பிடிப் பாக்க வச்சிராதம்மா."

என் தனிமைக்கு மருந்தாக நான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெற்றவள் செய்கிற காரியமா இது? போனை வைத்த பிறகு ராத்தாவின் பக்கம் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்பு தொட்டுத் தொட்டு நகமும் நுனித் தோலும் வெந்து வெளுத்திருந்தன.

"எங்க மாமியும் வெத்தில போடுறவங்கதான்" என்றார். "எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டன். நீதான் சொல்லணும்."

மறுநாள் காலை டொக்டர் கொழும்பு முடிவோடு வந்தார். சுரப்பியில் ஒரு கோளாறும் இல்லை. அது வேலையே செய்யாமல் ஒடுங்கிக் கிடக்கிறது, அப்படியென்றால் கல்சியம் வெளியிலிருந்துதான் வருகிறது, எங்கிருந்து என்றுதான் தெரியவில்லை என்றார். நான் ராத்தாவைப் பார்க்கவில்லை. உடைந்த சிங்களத்தில் நானே சொன்னேன். வெற்றிலை, சுண்ணாம்பு, விரலால் நக்கியது, மகள் அனுப்பிய மாத்திரை, ஒன்றுக்கு மூன்று. வார்ட்டில் இருக்கிற பதினைந்து கட்டிலும் கேட்டிருக்கும்.

டொக்டர் கத்தவில்லை. ஒரு தாளை என் முன்னால் வைத்து, ஒரு தடவைக்கு எவ்வளவு சுண்ணாம்பு, காட்டுங்கள் என்றார். தலைமாட்டில் இருந்த பற்பசையை விரலில் எடுத்துத் தாளில் ஒரு பொட்டு வைத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை என்றார். ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு பொட்டாக வைத்துக்கொண்டே போனேன். தாளில் பாதி வெள்ளையாகிவிட்டது. அவர் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மே" என்றார். எந்தத் திட்டைவிடவும் அது எனக்கு உறைத்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பும் கல்சியம்தான், மாத்திரையும் கல்சியம்தான். இரண்டும் அளவுக்கு மீறி ஒன்றாகச் சேர்ந்தன. சுண்ணாம்பின் காரம் சேர்ந்தால் சிறுநீரகத்தால் கல்சியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது, அந்த விற்றமின் குடலை இன்னும் உறிஞ்சச் சொல்லும். கருவாட்டு உப்பு சிறுநீரில் கல்சியத்தைக் கூட்டும். தண்ணீர் குடிக்காதது எல்லாவற்றையும் கெட்டியாக்கியது. அதற்காகப் பால், தயிர், நெத்தலி, கீரையில் வருகிற சத்துக்குப் பயந்து சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள், அது வேறு என்றார். மாத்திரையை மட்டும் டொக்டர் சொல்லாமல் போடக்கூடாது. எல்லா நீர்க்கடுப்புக்கும் சுண்ணாம்பு காரணமில்லை என்றும் சொன்னார். கிருமியாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், சோதித்துத்தான் தெரியும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் வாயில் போடுகிற எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

எட்டு நாளில் வீட்டுக்கு வந்தேன். சிறுநீரகம் மெல்ல மெல்லத் தேறுகிறது. மாதம் ஒரு தடவை கிளினிக். ராத்தா எனக்கு முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டார். பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடின.

மலையில் பத்து மணிக்கு நான் தண்ணீர்ப் போத்தலோடு உட்காருகிறேன். சுண்ணாம்பு டப்பா என்னிடம் வரும்போது வழக்கப்படி கை நீளும், பிறகு அடுத்தவளுக்குத் தள்ளிவிடுவேன். "உனக்கு வேணாம்ல" என்று சொல்லி இப்போதெல்லாம் என்னைத் தாண்டியே கொடுக்கிறார்கள். அவர்கள் வாய் சிவந்து பேசும்போது என் வாய் சும்மா இருக்கிறது. லெச்சுமி மட்டும் என் கூட எழுந்து வந்து, நான் தேயிலைக்குள் ஒதுங்கும்போது காவல் நிற்கிறாள். தண்ணீர் குடிப்பதால் இறங்கி ஏறுவது இன்னும் இருக்கிறது, எரிச்சல்தான் இல்லை. கங்காணியிடம் நானே நேரே சொல்லிவிட்டேன், இது டொக்டர் சொன்னது, சிரிக்கிறதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் சிரிக்கவில்லை.

சுதாவிடம் சொல்லத்தான் துணிவு வரவில்லை. முடிவு வரவில்லை, முடிவு வரவில்லை என்று இரண்டு வாரம் ஓட்டினேன். மூன்றாவது ஞாயிறு எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன். தெரிந்துகொண்டே போட்டதையும், அவளை வரவழைக்கப் போட்டதையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அழுதாள்.

"நான் அனுப்பினதாலயாம்மா?"

"நீ ஒன்னு போடச் சொன்ன. நான்தான் மூனு போட்டேன்."

"அப்ப ஆப்பரேஷன் இல்லியா?"

"இல்லடி. தண்ணி குடிச்சாப் போதும்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போனில் உச்சிவகிடுதான் தெரிந்தது.

"நல்லதும்மா" என்றாள். பிறகு, "பையில துணிகூட எடுத்து வச்சிட்டேம்மா. எனக்கும் வரணும் போல இருந்துச்சு. உனக்கு ஆப்பரேஷன்னு சொன்னதும் பயமா இருந்துச்சு, ஆனா உள்ளுக்குள்ள..." என்று நிறுத்திவிட்டாள். அவளும் என்னைப் போலத்தான் இருந்திருக்கிறாள். ஆறு வருடமாக நான் வாய்விட்டுக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"வாடி. நோவு இல்லாட்டி என்ன, சும்மா என்னப் பாக்க வா."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சொகமா இருக்கிற அம்மாவப் பாக்கணும்னா எந்தப் பேப்பரம்மா காட்டுறது?"

"கேட்டுப் பாரு" என்று மட்டும் சொன்னேன். கேட்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு நாலு ஞாயிறு பேசிவிட்டோம். தண்ணி குடிச்சியாம்மா என்று முதல் கேள்வியாகக் கேட்கிறாள், குடித்தேன் என்கிறேன். மேடத்திடம் கேட்டாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டேன் என்று அவளும் சொல்லவில்லை.